இரண்டாவது ‘ம்’

விடியற்காலைக் கனவில் ஏணி தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தது. மேலே ஆள் இல்லை, வாளி இல்லை. நான்கு காலையும் மாற்றி மாற்றி வைத்து, முடிவே இல்லாத ஒரு வெள்ளைச் சுவரை ஒட்டி அது பாட்டுக்குப் போனது. அவசரம் பின்னாலேயே ஓடினான். ஏணியைப் பிடிக்க வேண்டும் என்றுகூட அவனுக்கு இல்லை. ஒரு சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு ஓடினான். மரம் கிறீச்சிட்டது, எங்கோ தண்ணீர் சொட்டியது, அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை. விழித்துப் பார்த்தபோது ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் வெளிச்சுவர் வேலை கிடையாது.

அவசரம் என்பது அவன் அப்பா அம்மா வைத்த பெயரில்லை. கூட வேலை செய்தவர்கள் வைத்தது. டீயை ஆறவிடாமல் குடித்து நாக்கைப் பொசுக்கிக்கொள்வான். தள்ள வேண்டிய கதவை இழுப்பான். இப்படிப்பட்ட மனுஷன் பெயிண்டராகிப் பிழைத்தது எப்படி என்று கேட்டால், அவன் கை மட்டும் வேறு யாருடைய கையோ. கூரையும் சுவரும் சேரும் ஓரத்தில், டேப் ஒட்டாமல், நூல் பிடித்தாற்போல் நிறத்தை நிறுத்துவான். ஏணியில் அவனுக்கு எதிர்ப்பக்கம் நிற்பது தங்கச்சி புருஷன். தங்கச்சியைக் கட்டுவதற்கு முன்பிருந்தே இவனுக்குக் கூட்டாளி. மாப்பிள்ளையாக ஆன பிறகு எல்லோருக்குமே மாப்பிள்ளையாகிவிட்டான். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவான், அந்த இரண்டையும் யோசித்துப் பேசுவான்.

அவர்களுடையது இரண்டு பக்கமும் படி வைத்த மடக்கு ஏணி. ஆளுக்கொரு பக்கம் ஏறி, உச்சியில் முகத்துக்கு முகம் பார்த்து நிற்பார்கள். கை எட்டுகிற மட்டும் பூசியாயிற்று என்றால் மற்றவர்கள் இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறுவார்கள். அதற்குள் பூசிய ஓரம் காய்ந்துவிடும். காய்ந்த ஓரத்தின் மேல் புதுப் பூச்சு பட்டால் சுவரில் கோடு விழும். எத்தனை வருஷம் ஆனாலும் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அந்தக் கோடு பல்லைக் காட்டும். அதனால் இவர்கள் இறங்குவதே இல்லை. ஏணியை மேலிருந்தபடியே நடத்துவார்கள். இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தால் மறுபக்கக் கால்கள் எழும்பி ஒரு சாண் முன்னால் போய் உட்காரும். பிறகு மாற்றிச் சாய்வார்கள். கீழே நின்று பார்க்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். மேலே நிற்கிறவர்களுக்கோ அது தூளியில் ஆடுகிற சுகம்.

அதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. நகர வேண்டும் என்று நினைப்பவன் “ம்” என்பான். எதிராளி பிரஷை வாளியில் வைத்து, காலைப் படியில் நன்றாக ஊன்றிக்கொண்டு, “ம்” என்பான். அந்த இரண்டாவது “ம்” வந்த பிறகுதான் ஏணி நடக்கும்.

மழைக்கு முந்தைய வறண்ட காலத்தில், ஒரு பள்ளிக்கூடத்தின் நீளமான தாழ்வாரத்தைப் பூசிக்கொண்டிருந்தார்கள். விடுமுறை நாள். திறந்த பக்கத்திலிருந்து காய்ந்த காற்று அடித்தது, பூச்சு கண்ணெதிரிலேயே பளபளப்பு மங்கி இறுகிக்கொண்டு வந்தது. அவசரம் “ம்” என்றான். சாய்ந்தான். ஏணி எழும்பியது. எதிர்ப்பக்கம் மாப்பிள்ளையின் முன்பாதம் மட்டும் படியில் இருந்தது. ஏணி முன்னால் விழுந்த வேகத்தில் குதிகால் கீழே இறங்க, பாதம் மேல்நோக்கி மடங்கியது. கணுக்காலின் வெளிப்பக்கத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவசரத்துக்கே கேட்டது. மாப்பிள்ளை விழவில்லை. ஏணியின் உச்சியைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, “இறங்கிக்கலாம் மச்சான்” என்றான்.

இரண்டாவது “ம்” வந்ததா? வந்தது என்றே அவசரம் நினைத்தான். வராமல் எப்படிச் சாய்வான்? ஆனால் நினைக்க நினைக்க அந்தச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. யாரிடமும் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை.

வீக்கம் வடிந்து, நிறம் மாறி, மாப்பிள்ளையின் கால் பார்ப்பதற்குப் பழைய காலாகிவிட்டது. நடந்தால் ஒன்றுமில்லை. படியில் நுனிக்காலில் நின்று சாய்ந்தால் மட்டும் கால் அவனைக் கைவிட்டது. எலும்பு டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொன்னார். குகை போன்ற அந்த இயந்திரத்துக்குள் காலை அசைக்காமல் நீட்டிப் படுத்திருந்து எடுத்துக்கொண்டு வந்தான். எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதாக அறிக்கை வந்தது. அதைக் கேட்டபோது அவசரத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. காலில் ஒன்றும் ஆகவில்லை என்றால், அன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படித்தான் அவன் கணக்குப் போட்டான். அந்தச் சந்தோஷத்தில் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனான்.

தங்கச்சி, வீட்டிலிருந்தே திரைச்சீலை தைக்கிறவள். வீட்டுக்குள் எப்போதும் யாரோ ஒருவருடைய ஜன்னல்துணி மலைமலையாகக் கிடக்கும். அன்றைக்கு நீலம். அந்த நீலத்துக்கு நடுவில் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி, வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். வெளியே தூறல். மிஷின் ஓடி நின்று, ஓடி நின்று, வீடே அரைத்தூக்கத்தில் இருந்தது.

“என்ன மாப்ள, படத்துல ஒண்ணும் இல்லையாமே! அப்புறம் என்ன, நாளைக்கே ஏற வேண்டியதுதான?”

“பாக்கலாம் மச்சான்.”

“என்னத்தப் பாக்கறது? அவ்ளோ பெரிய மிஷினு பாத்துட்டு சொல்லியாச்சு. இது கால்ல இல்ல மாப்ள, மனசுல. ஒரு தடவ தடுமாறினா எல்லாருக்கும் வர்ற பயந்தான். எனக்குக்கூட...”

மிஷின் நின்றது. “அண்ணே, அவருக்கு வலிக்குதுன்னு அவரு சொல்றாரு. படத்துக்கா வலிக்குது?”

“நான் வலி இல்லன்னு சொல்லல. வலிய விட பயம் பெருசா இருக்குன்னு சொல்றேன்.”

“பயந்தவர் மாதிரியா இருக்காரு? நீ பேசி முடிக்கறதுக்குள்ள மூணு முட்டைய முழுங்கிட்டாரு.”

மாப்பிள்ளை மெல்லச் சிரித்தான். முட்டையைக் கீழே வைத்துவிட்டு, கணுக்கால் எலும்பின் பின்பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினான். “இங்க மச்சான். சாயும்போது உள்ள ஏதோ ஒண்ணு எலும்பத் தாண்டிக் குதிக்குது. திரும்ப வந்து உக்காந்துக்குது. சும்மா இருக்கையில தேடினா கெடைக்காது.”

“அதென்ன ஒளிஞ்சு விளையாடுதா?” என்றான் அவசரம். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“விசில்காரனக் கூட்டிக்கிட்டுப் போய் அந்தத் தாழ்வாரத்த முடிச்சிட்டியாமே?” தங்கச்சி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “ஒரு வார்த்த சொல்லக் கூடாதா எங்ககிட்ட?”

“பள்ளிக்கூடம் தொறக்கப் போகுது, அவங்க நச்சரிக்கிறாங்க. நான் என்ன பண்ண?”

“உன் மாப்ள இடத்துல இன்னொருத்தன ஏத்திட்டு, இவருக்குப் பயம்னு சொல்ற. நல்லாருக்குண்ணே.”

அவசரத்துக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. விசில்காரன் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் அவன் வாய் ஓயாமல் விசிலடித்துக்கொண்டே இருக்கும், அதில் “ம்” எங்கே கேட்கும்? அவனோடு ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏறித்தான் வேலை முடிந்தது. அது மட்டுமில்லை. அன்றைக்குப் பாதியில் நின்ற இடத்தில், காய்ந்த ஓரத்தின் மேல் புதுப் பூச்சு ஏறி, தாழ்வாரச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்திருந்தது. இதையெல்லாம் அவன் சொல்லவில்லை. ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தான், குடையை மறந்துவிட்டு மழையில் நடந்தான்.

எலும்பு டாக்டர் அதோடு விடவில்லை. படுத்திருக்கையில் எடுத்த படம் படுத்திருக்கும் காலைத்தான் காட்டும், கால் அசையும்போது பார்க்க வேண்டும் என்று அல்ட்ராசவுண்ட் எழுதிக் கொடுத்தார். தங்கச்சிக்கு அந்த நீலத்திரைகளைக் கொண்டுபோய் மாட்ட வேண்டிய நாள் அது. அவசரம்தான் கூடப் போனான். போகும்போதே, இதிலும் ஒன்றும் தெரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டே போனான். இப்படி ஒரு வேண்டுதலா என்று அவனுக்கே கேவலமாகவும் இருந்தது.

ஸ்கேன் அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான். விளக்கை மங்கலாக வைத்திருந்தார்கள். ஒரு கிண்ணத்து வெந்நீரில் ஜெல் குப்பி குட்டித் தோணி போல மிதந்தது. ஸ்கேன் டாக்டரம்மா நடுவயசுக்காரர், நாற்காலியை உருட்டிக்கொண்டே பேசுகிறவர்.

“காலையிலேர்ந்து எல்லாரும் வயித்தக் காட்டினாங்க. நீங்கதான் கால நீட்டறீங்க. ஜெல் சூடா இருக்கா? ஜில்லுன்னு வெச்சா ஆளுங்க துள்ளிடறாங்க, அதான் வெந்நியில போட்டு வெச்சிருக்கேன்.”

கருவியை வெளிக்கணுவின் பின்னால் வைத்ததும் திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வெளி விரிந்தது. பனி மூடிய வயல் போல. அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளைவு.

“இது எலும்பு. இதுக்குப் பின்னாடி இருக்கற பள்ளத்துல உருண்டையா ரெண்டு தெரியுதா? அதுதான் தசைநாண். தசையையும் எலும்பையும் கட்டற கயிறுன்னு வெச்சுக்குங்க. இப்ப ஒழுங்காத்தான் பள்ளத்துல படுத்திருக்கு.”

அவசரம் மூச்சை விட்டான்.

“எப்ப தாண்டுது?” என்றார் டாக்டரம்மா. “பாதத்த மடக்கிப் பாருங்க. ம்ஹூம். வெளிப்பக்கமா திருப்புங்க. இல்ல. எந்த வேல பண்ணும்போது வருதோ அதப் பண்ணிக் காட்டுங்க.”

“அது ஏணியிலம்மா” என்றான் மாப்பிள்ளை. “எதிர்ப்பக்கம் மச்சான் இருக்கணும்.”

“மச்சான் எங்க?”

“இதோ, உங்க பின்னால சுவத்தோட சுவரா நிக்கறாரு.”

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார், சிரித்தார். “அப்ப வாங்க மச்சான். நீங்கதான் ஏணி.”

கட்டிலில் ஏறுவதற்குப் போட்டிருந்த சின்ன மரப்படியில் மாப்பிள்ளை முன்பாதத்தை ஊன்றி ஏறி நின்றான். அவசரம் எதிரே வந்து நின்றான். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். டாக்டரம்மா தரையோடு தரையாகக் குந்தி, கருவியைக் கணுக்காலில் ஒட்டிப் பிடித்து, திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். அறை மிகவும் அமைதியாக இருந்தது. மாப்பிள்ளையின் தோள் சூடு அவசரத்தின் உள்ளங்கையில் ஏறியது. எத்தனையோ சுவர்களின் உச்சியில் இந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கிறான். இமையில் பெயிண்ட் இல்லாமல் இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

“ம்” என்றான் அவசரம்.

மாப்பிள்ளை காலைச் சரிசெய்துகொண்டான். வெந்நீரில் குப்பி கிண்ணத்தின் விளிம்பில் மோதியது.

“ம்.”

இரண்டு பேரும் சாய்ந்தார்கள். திரையில், பள்ளத்தில் படுத்திருந்த உருண்டைகளில் ஒன்று புரண்டு எழுந்து, வெள்ளை வளைவின் மேல் ஏறி, அந்தப்பக்கம் குதித்தது. ‘டக்.’ மாப்பிள்ளையின் விரல்கள் இவன் தோளில் அழுந்தின. நிமிர்ந்ததும் அது வந்த வழியே வந்து பள்ளத்தில் படுத்துக்கொண்டது. ஒன்றுமே நடக்காதது போல.

“பிடிச்சாச்சு” என்றார் டாக்டரம்மா மெதுவாக. “அத மூடிப் பிடிச்சிட்டு இருக்கற பட்டை கிழிஞ்சிருக்கு. தாண்டித் தாண்டித் தசைநாண்லயும் நீளவாக்குல ஒரு கீறல் மாதிரி தெரியுது. பாவம், இத்தனை நாள் இதோடவா நடந்தீங்க? மொதல்ல எப்படி ஆச்சு இது?”

சொல்லிவிடலாம் என்று அவசரம் வாயைத் திறந்தான். மாப்பிள்ளை முந்திக்கொண்டான்.

“ஏணி கொஞ்சம் வழுக்கிடுச்சும்மா.”

திரும்பி வருகையில் பேருந்தில் ஜன்னல்கள் எல்லாம் ஆவி படிந்து ஊர் தெரியவில்லை. விளக்குகள் மட்டும் கரைந்து கரைந்து போயின. அவசரம் அந்த ஆவியில் விரலால் ஒரு வளைவு போட்டான், பக்கத்தில் ஒரு உருண்டை போட்டான். உள்ளங்கையால் அழித்தான். பக்கத்தில் மாப்பிள்ளை தூங்கிவிட்டிருந்தான். ஏணி வழுக்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கால்களுக்கு ரப்பர் செருகிய ஏணி அது. செருகியவன் மாப்பிள்ளை.

அறுவை நடந்தது. எலும்பின் பள்ளத்தை ஆழமாக்கி, கீறலைத் தைத்து, பட்டையை இழுத்துக் கட்டினார்கள். கட்டு, பிறகு முழங்கால் வரைக்கும் ஒரு கனத்த காலணி, பிறகு தரையில் துண்டை விரித்து விரலால் சுருட்டிச் சுருட்டி இழுக்கிற பயிற்சி. அவசரம் தினமும் வந்தான். வருகிறவன் சும்மா இருந்தானா? தங்கச்சி வீட்டுச் சமையலறையைப் பூசினான். பிறகு கூடத்தைப் பூசினான். கேட்காமலே கதவுகளைத் தேய்த்து வார்னிஷ் அடித்தான்.

“அண்ணே, விட்டா என்னையும் ரெண்டு கோட்டிங் அடிச்சிடுவ போலருக்கே” என்றாள் தங்கச்சி. “என்ன ஆச்சு உனக்கு? உக்காரு கொஞ்சம்.”

“ஒண்ணும் இல்லம்மா. மழையில வேல இல்ல, கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

“கையா, மனசா?”

அவன் கதவுக்குப் பின்னால் போய்த் தேய்த்தான். மரத்தூள் மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. தூளால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துடைத்தான்.

அடுத்த ஸ்கேனுக்கு மூன்று பேருமாகப் போனார்கள். அதே மங்கல் விளக்கு, அதே வெந்நீர்க் கிண்ணம். திரையில் சாம்பல் வெளி விரிந்தபோது அவசரம் ஒரு அடி முன்னால் வந்தான். முன்பு சின்ன உருண்டையாகப் பளிச்சென்று இருந்தது, இப்போது வீங்கி, தடித்து, உள்ளே திட்டுத்திட்டாக இருண்டு கிடந்தது.

“கெட்டுப் போச்சாம்மா?” என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. “முன்னவிட மோசமாத் தெரியுதே!”

“பயப்படாதீங்க. தைச்ச தசைநாண் ரொம்ப மாசத்துக்கு இப்படித்தான் இருக்கும். குண்டா, கரடுமுரடா. படம் அழகா இருக்கான்னு நான் பாக்கல. தாண்டுதான்னுதான் பாக்கறேன்.”

“ஒட்டுப் போட்ட இடம் தடிச்சுத்தானண்ணே இருக்கும்” என்றாள் தங்கச்சி. அவளும் புருஷன் கையை விடாமல் பிடித்திருந்தாள். “பிரியாம இருந்தாப் போதும்.”

“சரி, ஏணி எங்க? வாங்க” என்றார் டாக்டரம்மா.

மரப்படி. தோளில் கை. “ம்” என்றான் அவசரம். குரல் உடைந்தது. “ம்” என்றான் மாப்பிள்ளை. சாய்ந்தார்கள். தடித்த உருண்டை பள்ளத்துக்குள் சோம்பேறித்தனமாகப் புரண்டது, விளிம்பு வரை வந்தது, அங்கேயே நின்றது. மறுபடி சாய்ந்தார்கள். நின்றது. தங்கச்சி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு ஓசையில்லாமல் அழுதாள். அவசரம் பிடித்திருந்த தோளை விடவேயில்லை. போதும், ஏணி இறங்கலாம் என்று டாக்டரம்மாதான் சொல்ல வேண்டியிருந்தது.

மழைக்காலம் முடிந்து, பயிற்சிகள் முடிந்து, ஏறலாம் என்று எலும்பு டாக்டர் சொன்ன பிறகு அவர்கள் போன முதல் இடம் அந்தப் பள்ளிக்கூடம்தான். தாழ்வாரத்தில் விழுந்த கோட்டைச் சரிசெய்து தரச் சொல்லியிருந்தார்கள். மறுபடி விடுமுறை. வெயில் சாய்வாக விழுந்த சுவரில், மேலிருந்து கீழாக, அன்றைக்கு நின்ற இடம் அப்படியே தெரிந்தது. அவசரம் அதைப் பார்க்காமல் வாளியில் குச்சியைப் போட்டுக் கலக்கினான். தேவைக்கு மேல் கலக்கினான்.

இரண்டு பக்கமும் ஏறினார்கள். பூச ஆரம்பித்தார்கள். கோட்டுக்கு ஒரு கை இடைவெளியில், எட்டுகிற மட்டும் முடிந்தது. இனி ஏணி நடக்க வேண்டும். அவசரம் பிரஷை வாளியில் வைத்தான். ஆனால் “ம்” வரவில்லை. வேறொன்று வந்தது.

“மாப்ள. அன்னிக்கு நீ ‘ம்’ சொன்னியா?”

மாப்பிள்ளை தன் பிரஷின் ஓரத்தை வாளி விளிம்பில் வழித்தான். யோசிக்கிறவன் போல இல்லை. எப்போதோ யோசித்து முடித்துவிட்டவன் போல இருந்தான்.

“இல்ல மச்சான். சொல்லல.”

“எனக்குத் தெரியும்” என்றான் அவசரம். அப்போதுதான் அது அவனுக்கே தெரிந்தது. “தெரிஞ்சுகிட்டே உன்னப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன். நீயாவது திட்டியிருக்கலாம்ல? தங்கச்சிகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ மறுபடி ஏணியில ஏறுவியா?”

அவசரம் சுவரிலிருந்த கோட்டைப் பார்த்தான்.

“ஏற மாட்ட. அப்புறம் எதிர்ப்பக்கம் எனக்கு யாரு? அந்த விசில்காரனா?”

அவசரத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஏணி லேசாக ஆடியது. புறங்கையால் முகத்தைத் துடைத்தான், இமையில் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது. பிறகு இரண்டு கையாலும் ஏணியின் உச்சியைப் பிடித்தான்.

“ம்” என்றான்.

மாப்பிள்ளை பிரஷை வாளியில் வைத்தான். இடது காலை ஊன்றினான். வலது பாதத்தை எடுத்து, படியின் மேல் முழுதாக வைத்து, பிடிக்கவில்லை போல, மறுபடி எடுத்து வைத்தான். திறந்த பக்கத்திலிருந்து காய்ந்த காற்று வந்தது. பூசிய ஓரம் பளபளப்பு மங்கி, மேலிருந்து கீழாக இறுகிக்கொண்டே வந்தது. கோடு விழப்போகிறது என்று அவசரத்தின் கைக்குத் தெரிந்தது. அவன் அசையவில்லை. ஓரம் முழுக்கக் காய்ந்தது. அப்போதும் அவன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு, காதைக் கொடுத்து நின்றான்.

“ம்” என்றான் மாப்பிள்ளை.